வார்டு மெம்பராக இருந்தவள் எம்.எல்.ஏ. தேர்தலுக்கு நிற்க வேண்டும் என்றால் என்ன வழி? (பாலக்கோடு தொகுதி)

மாரண்டஅள்ளிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு தொகுதியில் ஒரு சின்ன ஊராட்சி எங்களுடையது. எனக்கு வயது 36. 2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கியதால் மகளிர் குழு அக்காமார்கள் என்னைப் பிடித்துத் தள்ளி நிற்க வைத்தார்கள், ஜெயித்தேன். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து ஊராட்சி தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது. ஆனால் பதவி போன பிறகும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. முதியோர் பென்ஷன் நின்றுபோச்சு, சாதிச் சான்று வரவில்லை, பட்டா பெயர் மாறவில்லை, நூறு நாள் வேலைக் கூலி பாக்கி, இப்படி ஏதாவது ஒன்றோடு காலையிலேயே வாசலில் யாராவது நிற்பார்கள். திங்கட்கிழமை ஆனால் அவர்களைக் கூட்டிக்கொண்டு தர்மபுரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு பஸ் ஏறிவிடுவேன்.

எனக்குப் பெரிய விஷயம் தண்ணீர்தான். எங்கள் மாவட்டத்து நிலத்தடித் தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிரித்தாலே பல்லில் தெரியும், ஐம்பது வயதுக்காரர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பதிலும் தெரியும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு எவ்வளவோ மாறியது உண்மை. ஆனாலும் ஆற்றுத் தண்ணீர் பத்தாத நாளில் அதே மேல்நிலைத் தொட்டியில் போர்வெல் தண்ணீரையும் ஏற்றிவிடுகிறார்கள், அப்புறம் எதற்கு அந்தத் திட்டம்? கிராம சபையில் தீர்மானம் போட்டோம். ஒன்றியத்தில் கேட்டால் மாவட்டத்தைக் கேள் என்கிறார்கள், மாவட்டத்தில் கேட்டால் சென்னையிலிருந்து ஆர்டர் வர வேண்டும் என்கிறார்கள். சரி, முடிவு சென்னையில் என்றால் அங்கே போய்க் கேட்கிற இடத்துக்கே போனால் என்ன என்று குழுவில் ஒருத்தி விளையாட்டாகச் சொன்னது இப்போது எல்லோரும் சீரியஸாகப் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டது. 2026-ல் சட்டமன்றத் தேர்தல் வேறு.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. சுயேச்சையாக நிற்பதா, கட்சியில் சேர்ந்து சீட் கேட்பதா? உண்மையில் எவ்வளவு பணம் ஆகும்? என் வீட்டுக்காரர் ஒன்றியத்தில் சின்னச் சின்ன கான்ட்ராக்ட் எடுப்பார், கல்வெட்டு, சிமெண்ட் ரோடு அந்த மாதிரி. அது எனக்கு இடிக்குமா? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எங்கள் சாதி தொகுதியில் எண்ணிக்கையில் குறைவு, அதைப் பார்த்துத்தான் ஓட்டு விழும் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். கிண்டல் பண்ணாமல் பதில் சொல்லுங்கள்.


நோட்டரி வாசல்:

சகோதரி, அரசியலை மற்றவர்கள் சொல்வார்கள், நான் பேப்பர் வேலையை மட்டும் சொல்கிறேன். தேர்தல் வந்தால் எங்கள் மேஜைக்குத்தான் எல்லா வேட்பாளரும் வருவார்கள், அதனால் எங்கே சிக்கும் என்று தெரியும்.

தகுதி பெரிய விஷயம் இல்லை. 25 வயது முடிந்திருக்க வேண்டும், தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியில் உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சொந்தத் தொகுதியிலேயே நின்றால் பட்டியல் நகல் வாங்கி இணைக்கிற வேலையும் மிச்சம். டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் 5,000, பொதுத் தொகுதியில் நின்றாலும் அவர்களுக்கு அதே பாதிதான்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருத்தர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அந்தத் தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். இதை லேசாக நினைக்காதீர்கள். 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷால் மனு எதனால் போனது? முன்மொழிந்தவர்களில் இரண்டு பேர் அது எங்கள் கையெழுத்தே இல்லை என்று சொன்னதால்தான். அதனால் உறுதியான ஆளாகப் பாருங்கள், கூடவே இரண்டு மூன்று செட் மனு வேறு வேறு பத்துப் பேரை வைத்துப் போடுங்கள், நாலு செட் வரை போடலாம், டெபாசிட் ஒரு தடவை கட்டினால் போதும். குழுவில் கைநாட்டு வைக்கிற பாட்டி யாராவது ஆசைப்பட்டால் வைக்கலாம், ஆனால் வீட்டில் வைத்துக் கொண்டுபோனால் செல்லாது, தேர்தல் அதிகாரி முன்னாலேயே வைக்க வேண்டும்.

அப்புறம் படிவம் 26, அதாவது பிரமாணப் பத்திரம். சொத்து, கடன், நகை, வழக்கு, பான் எண், ஐந்து வருஷத்து வருமான வரிக் கணக்கு எல்லாம் உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்து எழுத வேண்டும். ஒரு கட்டத்தைக்கூட காலியாக விடக் கூடாது, இல்லை என்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும், 2013-ல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. பொய்யாக எழுதினால் ஆறு மாதம் வரை சிறை. மனு கொடுத்த கையோடு தேர்தல் அதிகாரி முன்னால் உறுதிமொழி எடுத்துவிட்டு வாருங்கள். பரிசீலனை நாளில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் மனு தள்ளுபடிதான், அதற்கு முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் கான்ட்ராக்ட் பற்றிக் கேட்டீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9ஏ பிரிவு வேட்பாளரே அரசோடு செய்துகொண்ட, இன்னும் முடியாத ஒப்பந்தத்தைத்தான் சொல்கிறது. அவர் பெயரில், அவர் பணத்தில் எடுத்த வேலை என்றால் நேரடியாக இடிக்காது. ஆனால் படிவம் 26-ல் கணவருடைய அரசு ஒப்பந்தங்களையும் கேட்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. வேலை உங்கள் பெயரிலோ, நீங்களும் பங்காளியாக இருக்கிற நிறுவனத்தின் பெயரிலோ இருந்தால் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.


தக்காளி மண்டி:

தங்கச்சி, கிண்டல் பண்ண மாட்டேன், ஆனால் இனிப்பாகவும் பேச மாட்டேன். நான் ஒரு கட்சியில் கிளைச் செயலாளராக இருந்து போஸ்டர் ஒட்டி, பூத்தில் உட்கார்ந்து, கவுண்டிங்கில் பெஞ்சு தேய்த்தவன், எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம்.

வாசலில் வந்து நிற்பவர்கள் எல்லாம் உங்களுக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று எண்ணுகிறீர்களே, அங்கேதான் கணக்கு இடிக்கிறது. பென்ஷன் வாங்கிக் கொடுத்த கிழவி உங்களை ஆசீர்வாதம் பண்ணும், உங்களுக்காகக் கோயிலில் விளக்குப் போடும், ஓட்டை மட்டும் ஐம்பது வருஷமாகப் போட்ட சின்னத்திலேயே போட்டுவிட்டு வரும். அது துரோகம் இல்லை, அதன் பழக்கம். வார்டு தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, முந்நூறு நானூறு ஓட்டில் முடிந்துவிடும், அத்தனை பேரையும் உங்களுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். சட்டமன்றத் தொகுதி என்றால் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர். மாரண்டஅள்ளியில் தெரிந்த முகத்தைக் காரிமங்கலத்தில் யாருக்குத் தெரியும்?

அதிலும் நம்ம தொகுதியை யோசியுங்கள். 2021-ல் மாநிலத்திலேயே அதிக வாக்குப்பதிவு பாலக்கோட்டில்தான், 87 சதவீதம். ஜனங்கள் பெங்களூரிலிருந்து பஸ் பிடித்து வந்து ஓட்டுப் போடுகிற ஊர். டெபாசிட் திரும்ப வர வேண்டும் என்றால் பதிவான செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். இரண்டு லட்சம் ஓட்டு விழுந்தது என்று வைத்துக்கொண்டால் முப்பத்து மூவாயிரத்துச் சொச்சம். 2001 முதல் 2021 வரை தொடர்ந்து ஐந்து தேர்தலாக கே.பி. அன்பழகன் ஒருத்தரே ஜெயித்த தொகுதி இது, எதிர்த்து நின்ற பெரிய கட்சிகளுக்கே மூச்சு வாங்கியது.

அடுத்து நாள் கணக்கு. 2021-ல் மனுத்தாக்கல் மார்ச் 12 முதல் 19 வரை, பரிசீலனை 20, வாபஸ் 22. அதற்குப் பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம் கையில் கிடைக்கும். ஏப்ரல் 4 சாயங்காலம் பிரச்சாரம் முடிந்தது. இரண்டு வாரத்துக்கும் குறைவான நாளில் ஒரு புதுச் சின்னத்தை இருநூறுக்கு மேற்பட்ட பூத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். கட்சிக்காரனுக்கு அந்த வேலையே கிடையாது, பிறந்த குழந்தைக்கே அந்தச் சின்னம் தெரியும்.

பூத் ஏஜென்ட் கிடைப்பார்களா என்று முதலில் பாருங்கள். ஒரு பூத்துக்கு ஒருத்தர், காலை ஐந்தரைக்கே மாதிரி ஓட்டுப் பதிவுக்கு வந்து சாயங்காலம் மெஷினுக்கு சீல் வைக்கிற வரை எழுந்திருக்காமல் உட்கார வேண்டும், சோறு, டீ, பெட்ரோல் உங்கள் செலவு. உங்கள் குழுப் பெண்கள் எத்தனை பேரை அவர்கள் வீட்டில் அன்றைக்கு முழுக்க விடுவார்கள்?

சாதி பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், பார்ப்பார்கள். ஆனால் ஓட்டு எண்ணிக்கையை விட சீட் கொடுக்கும்போதுதான் அதைக் கூடுதலாகப் பார்ப்பார்கள். கட்சியில் விருப்ப மனுவுக்கே 2021-ல் 15,000, 25,000 என்று வாங்கினார்கள். நேர்காணலில் முதல் கேள்வி எவ்வளவு செலவு பண்ணுவீங்க, இரண்டாவது கேள்வி உங்க சமூகம் தொகுதியில் எத்தனை சதவீதம். தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.


அரூர்க்காரன்:

மண்டி அண்ணன் சொல்வது எல்லாம் நிஜம், ஆனால் பாதி நிஜம். அக்கா, நம்ம இரண்டு மாவட்டத்துக் கதையையே பாருங்கள்.

2006 தேர்தலில் தமிழ்நாடு முழுக்க 234 பேரில் சுயேச்சையாக ஜெயித்தது ஒரே ஒருத்தர். அது நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் தளி தொகுதிதான். அவரும் முன்பின் தெரியாத ஆள் இல்லை, கம்யூனிஸ்ட் பின்னணியில் வந்தவர், 2011-ல் சி.பி.ஐ. சின்னத்திலேயே திரும்ப ஜெயித்தார். 2011, 2016, 2021 மூன்று தேர்தலிலும் மாநிலத்தில் ஒரு சுயேச்சைகூட உள்ளே போகவில்லை. ஆக, சுயேச்சை என்றால் கதவு பூட்டியே இருக்கிறது என்று சொல்ல முடியாது, திறந்து ரொம்ப வருஷம் ஆச்சு, அவ்வளவுதான்.

எங்கள் அரூரைச் சொல்கிறேன். 1992-ல் வாச்சாத்தியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை எல்லாம் சேர்ந்து ஒரு மலைவாழ் கிராமத்தைச் சூறையாடியது, பெண்களுக்கு நடந்த கொடுமை. அந்த மக்களோடு நின்று வழக்கு நடத்தியது மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும்தான். 2011-ல் தர்மபுரி கோர்ட்டில் உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை, 2023-ல் ஐகோர்ட் அதை உறுதி செய்தது. முப்பது வருஷம். அந்தச் சங்கத்து வேலையிலிருந்து வந்த டில்லிபாபு 2006-லும் 2011-லும் அரூர் எம்.எல்.ஏ. ஆனார். மக்கள் வேலையில் இருந்து சட்டமன்றத்துக்குப் போன பாதை நம்ம ஊரிலேயே இருக்கிறது, எங்கேயோ தேட வேண்டாம்.

ஆனால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்றால், அந்த இரண்டு தடவையும் கூட்டணி இருந்தது, ஒரு தடவை தி.மு.க. பக்கம், ஒரு தடவை அ.தி.மு.க. பக்கம். 2016-ல் இடதுசாரிகள் இரண்டு பக்கமும் சேராமல் மூன்றாவது அணியில் நின்றார்கள், மாநிலம் முழுக்க ஒரு சீட்டும் இல்லை. வேலையும் வேண்டும், கூட்டணியும் வேண்டும்.

பெரிய பெயர் இருந்தால் போதும் என்பதும் இங்கே நடக்காது. முதல்வராக இருந்த ஜெயலலிதாவையே 1996-ல் பர்கூர்க்காரர்கள் தோற்கடித்து அனுப்பினார்கள். 2016-ல் முதல்வர் வேட்பாளர் என்று சொல்லி நின்ற அன்புமணி பென்னாகரத்தில் தோற்றார். அந்த விதத்தில் நம்ம ஜனங்கள் யாருக்கும் அடங்காதவர்கள்.

நான் சொல்வது, நில்லுங்கள் அக்கா. ஜெயிக்க இல்லை. தொட்டியில் போர் தண்ணீர் கலக்கிற விஷயத்தை மைக் வைத்து எல்லா ஊரிலும் பேச இரண்டு வாரம் கிடைக்கிறதே, அது சும்மாவா?


தக்காளி மண்டி:

தம்பி, பேச மைக் வேண்டும் என்றால் வாடகைக்கே கிடைக்கும், அதற்கு எதற்கு டெபாசிட்? 1996-ல் மொடக்குறிச்சியில் கோரிக்கையைக் காட்டுவதற்காகவே விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனு போட்டு 1,033 வேட்பாளர் நின்றார்கள், ஓட்டுச் சீட்டைப் புத்தகமாக அடித்தார்கள். நடந்தது என்ன? 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள், சுயேச்சைக்குப் பத்து முன்மொழிவு என்று போட்டார்கள். மேட்டூர் பத்மராஜன் இருநூறு தேர்தலுக்கு மேல் நின்றுவிட்டார், 2024 மக்களவைத் தேர்தலில் தர்மபுரிக்கும் வந்தார். அவருக்குத் தோற்பதே ஒரு சாதனை. தங்கச்சிக்கு அப்படி இல்லை. நாளைக்கு அறுநூறு ஓட்டு என்று ரிசல்ட் வந்தால் அடுத்த திங்கட்கிழமை மனுவோடு ஆபீஸுக்குப் போகும்போது அந்த கிளார்க் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும். இன்றைக்கு உங்கள் பின்னால் எத்தனை ஓட்டு என்று அவர்களுக்குத் தெரியாது, அந்தப் பயத்தில்தான் வேலை நடக்கிறது. எண்ணிக் காட்டிவிட்டால் போச்சு.


மாரண்டஅள்ளிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. மண்டி அண்ணா, அந்த கிளார்க் பார்வை விஷயம் சுருக்கென்று இருந்தது, ஆனால் அது யோசிக்க வேண்டியதுதான்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 'குழுப் பெண்களை அவர்கள் வீட்டில் விடுவார்களா' என்று கேட்டீர்கள். விடமாட்டார்கள், தெரியும். வார்டு மெம்பராக முதல் கூட்டத்துக்குப் போனபோது என் வீட்டுக்காரருக்குத்தான் நாற்காலி போட்டார்கள், நான்தான் மெம்பர் என்று சொல்லி உட்கார்ந்தேன். அப்புறம் அவரே வருவதை நிறுத்திக்கொண்டார். 2021 சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்த 234 பேரில் 12 பேர்தான் பெண்கள் என்று படித்தேன். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று கொடுத்துவிட்டு மேலே போனால் இப்படி. 2023-ல் மூன்றில் ஒரு பங்கு என்று சட்டம் கொண்டுவந்தார்கள், ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை எல்லாம் முடிந்துதான் வருமாம், அதற்குள் எனக்குப் பேரப் பிள்ளையே வந்துவிடும்.

பணம் பற்றி யாரும் முழுசாகச் சொல்லவில்லையே. 40 லட்சம் வரை செலவு பண்ணலாம் என்கிறார்கள், எங்களுக்கு நாலு லட்சமே கனவு. ஜெயிக்காவிட்டாலும் கணக்குக் காட்ட வேண்டுமா? அப்புறம் எம்.எல்.ஏ. ஆனால் உண்மையிலேயே தொட்டி விஷயத்தைச் சரி பண்ண முடியுமா, இல்லை அங்கேயும் இன்னொரு ஆபீஸைக் காட்டுவார்களா?


பழைய ஒன்றியம்:

அம்மா, நான் ஊரக வளர்ச்சித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் கடைசிக் கேள்விதான் இந்த இழையில் முதலில் வந்திருக்க வேண்டியது.

தொட்டியில் எந்தத் தண்ணீரை ஏற்றுவது, மோட்டார் ஆபரேட்டர் எப்போது வால்வைத் திறக்கிறார், குளோரின் போடுகிறாரா, இது ஊராட்சி வேலை. கூட்டுக் குடிநீர்க் குழாயில் உங்கள் ஊருக்கு இத்தனை லிட்டர் என்று ஒதுக்குவது குடிநீர் வடிகால் வாரியம். உங்கள் ஊர் கடைக்கோடியில் இருந்தால் வழியில் நடக்கிற கசிவு, திருட்டு இணைப்பு எல்லாம் போக மிச்சம்தான் வந்து சேரும், அந்தப் பற்றாக்குறையை மறைக்கத்தான் போரைப் போடுகிறார்கள். இதில் எம்.எல்.ஏ. வால்வைத் திறக்க முடியாது. அவர் சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம், துறைக்குப் பணம் ஒதுக்குகிற மானியக் கோரிக்கை நாளில் பேசலாம், அமைச்சரைப் பார்க்கலாம், தொகுதி மேம்பாட்டு நிதியில் ஒரு தொட்டியோ குழாயோ போடலாம். வருஷத்துக்கு 3 கோடி வருகிறது, ஒரு தொகுதியில் எத்தனை குக்கிராமம் என்று பார்த்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்கே தெரியும். கேள்வி கேட்கிற அதிகாரம் சின்னது இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத் தேவையான விவரம் இன்றைக்கே உங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைக்கும். ஊருக்கு ஒதுக்கின அளவு எவ்வளவு, போன ஆறு மாதம் வந்தது எவ்வளவு, தொட்டித் தண்ணீரில் ஃபுளோரைடு அளவு என்ன? லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. மனு போட்டு வாங்குங்கள். அந்தத் தாளோடு போனால் இப்போது இருக்கிற எம்.எல்.ஏ.வையே கேட்க வைக்கலாம்.

என் யோசனை மாவட்ட ஊராட்சி உறுப்பினர், இல்லை என்றால் ஒன்றியக் கவுன்சிலர். உள்ளாட்சித் தேர்தல் எப்போது வந்தாலும் அதற்குத் தயாராகுங்கள். அங்கே கட்சிச் சின்னம் உண்டு, ஆனால் சுயேச்சைகளும் ஜெயிக்கிறார்கள். சேர்மன் தேர்தலில் இழுபறி வந்தால் ஒரு சுயேச்சைக்கு இருக்கிற மரியாதையை நான் கண்ணால் பார்த்தவன். ஒரு மாவட்டக் கவுன்சிலர் வார்டு பல ஊராட்சிகளைச் சேர்த்தது, உங்கள் முகம் காரிமங்கலம் பக்கம் வரை தெரிய அதுதான் வழி. நம்ம தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜிகூட 1917-ல் சேலம் நகராட்சித் தலைவராக இருந்துவிட்டுத்தான் 1937-ல் மாகாணப் பிரதமர் ஆனார். (1952-ல் தேர்தலில் நிற்காமல் மேலவை வழியாக முதல்வரானார், அந்த வழி உங்களுக்குக் கிடையாது, மேலவையே இப்போது இல்லை.)


அரூர்க்காரன்:

ஐயா, எல்லோரும் பெண்களுக்கு மட்டும் 'முதலில் கீழே நின்று பழகு' என்கிறோம். பணக்காரப் பையன் ஒருத்தன் நேரே சீட் வாங்கி வந்தால் அவனை யாரும் ஒன்றியக் கவுன்சிலர் ஆகிவிட்டு வா என்று சொல்வதில்லையே.


பழைய ஒன்றியம்:

சொல்வதில்லைதான் தம்பி. அவன் தோற்றால் அவன் அப்பா பணம் போகும். இந்த அம்மா தோற்றால் குழுப் பெண்கள் நகையை அடகு வைத்த பணம் போகும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் சொன்னேன்.


தக்காளி மண்டி:

ஐயா சொன்னது சரி. பணத்தை நான் சொல்கிறேன். சிக்கனமாகப் போனால் ஒரு வேன், மைக்செட், நோட்டீஸ், ஏஜென்ட் சாப்பாடு என்று ஐந்தாறு லட்சத்தில் முடிக்கலாம், அதுவும் ஆட்கள் கூலி வாங்காமல் வந்தால். எதிர்ப்பக்கம் கடைசி இரண்டு ராத்திரியில் என்ன நடக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலையே நிறுத்தினார்கள், 2017-ல் ஆர்.கே.நகர், அதெல்லாம் மாட்டியது. ஆதரவு என்பது நம்ம சந்தைத் தக்காளி விலை மாதிரி, சாயங்காலம் ஒன்று இருக்கும், விடிந்தால் ஒன்று இருக்கும். யாரிடமும் கடன் வாங்கி மட்டும் நிற்காதீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. இந்தத் தேர்தலில் நிற்காமல், நிற்கிற எல்லாக் கட்சிக்காரர்களையும் உங்கள் குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொருத்தராகக் கூப்பிடுங்கள். தொட்டிக் கணக்கைக் கையில் கொடுத்து 'என்ன பண்ணுவீங்க' என்று கேட்டு போனில் வீடியோ எடுத்து வையுங்கள். நானூறு பெண்கள் ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் எந்த வேட்பாளரும் வராமல் இருக்க மாட்டார், நான் கட்சிக்காரன், எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எந்தக் கட்சியாவது உங்களைத் தேடி வந்தால் பேச்சே வேறு.


நோட்டரி வாசல்:

கணக்குக் கேள்விக்குப் பதில் விட்டுப்போச்சு. ஆமாம் சகோதரி, ஜெயித்தாலும் தோற்றாலும் பத்து ஓட்டு வாங்கினாலும் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். மனுத்தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்னால் தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்குத் தொடங்க வேண்டும், பழைய சேமிப்புக் கணக்கைக் காட்டக் கூடாது. ஒருத்தருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, செக் இல்லை என்றால் ஆன்லைன். பிரச்சார சமயத்தில் செலவுப் பதிவேட்டைக் கொண்டுபோய்த் தேர்தல் செலவுப் பார்வையாளரிடம் காட்ட வேண்டும், முடிவு அறிவித்த 30 நாளுக்குள் முழுக் கணக்கையும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் எந்தச் சட்டமன்ற, மக்களவைத் தேர்தலிலும் நிற்க முடியாமல் தகுதி நீக்கம் பண்ணலாம். சுயேச்சைகள் நிறையப் பேர் இதில்தான் விழுகிறார்கள், தோற்ற சோகத்தில் பில்லை எல்லாம் எங்கேயோ போட்டுவிடுவார்கள்.

குழுப் பணத்தைத் தேர்தலுக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அது வங்கிக் கடனோடு சம்பந்தப்பட்டது, நாளைக்குத் தணிக்கையில் உங்களுக்கும் குழுவுக்கும் சேர்த்துச் சிக்கல்.


மாரண்டஅள்ளிக்காரி:

குழுப் பணம் தொடமாட்டோம், அது நாங்களே முதலில் பேசி முடித்தது.

நேற்று ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து இதையெல்லாம் சத்தமாகப் படித்தோம். மூன்று பேர் நில்லு என்கிறார்கள், மற்றவர்கள் மண்டி அண்ணன் சொன்ன கூட்டம் போடலாம் என்கிறார்கள், என் மாமியார் மட்டும் 'அந்தக் கவுன்சிலருக்கு நில்லு, அது போதும்' என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். இப்போதைக்குத் தகவல் உரிமை மனு எழுதி வைத்திருக்கிறோம். பழைய ஒன்றியம் ஐயா, ஊருக்கு ஒதுக்கின அளவை வாரியத்துக்குத் தனியாகவும், ஃபுளோரைடு சோதனை அளவை ஒன்றியத்துக்குத் தனியாகவும் கேட்க வேண்டுமா, இல்லை ஒரே மனுவில் கேட்டால் அவர்களே பிரித்து அனுப்புவார்களா?


பழைய ஒன்றியம்:

ஒரே மனுவில் கேட்டால் சட்டப்படி ஐந்து நாளில் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். நடைமுறையில் இழுக்கும். இரண்டு மனுவாகவே போடுங்கள், ஒவ்வொன்றிலும் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். போன ஆறு மாதம் என்று பொதுவாக எழுதாமல் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். தொட்டி எந்தக் குக்கிராமத்தில் இருக்கிறது, எத்தனை லிட்டர் கொள்ளளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒன்றியம் முழுக்கச் சேர்த்து ஒரே எண்ணாகக் கொடுத்துவிடுவார்கள்.